ஐம்பத்தைந்து ஓட்டங்களும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடைக்கு வருவோர் கல்வியைப் பற்றிப் பேசுவர்; ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவர்; மதுவிலக்கைப் பற்றி ஒருவராவது பேசாமல் நம் விழா எதுவும் முடிவுற்றதில்லை. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ கிரிக்கட் விளையாட்டு. அதிலும் வெற்றியன்று, தோல்வி. 2023ஆம் ஆண்டில் இலங்கை அணி பட்ட பாட்டைப் பற்றியும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த அபிமானிகளாகிய நாம் பட்ட பாட்டைப் பற்றியுமே பேச விழைகிறோம். முன்வரிசையில் வீற்றிருக்கும் தாத்தாமார் சிலர் முகஞ் சுளிப்பதைக் காண்கிறோம். சற்றே பொறுத்தருள வேண்டும். பேச்சு பந்திலும் மட்டையிலும் தொடங்கினாலும், சுற்றிக்கொண்டு உங்களிடந்தான் வந்து சேரும்.

முதலில் ஒரு நல்ல நாளை நினைவுகூர்வோம். 2022ஆம் ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை. கோதுமை மாவு விற்ற விலையில், இன்றைக்கு எத்தனை ரொட்டி என்று தாய்மார் எண்ணி எண்ணிச் சுட்ட ஆண்டு அது. அந்த ஆண்டின் செப்டெம்பர் 11ஆந் திகதி துபாயில் நம் அணி பாக்கிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று ஆசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. வயிறு நிறையாத காலத்தில் மனமாவது நிறைந்தது. அடுத்த ஆண்டு உலகக் கிண்ணம், இந்தியாவில் நடக்கப்போகிறது, அதையும் பார்த்துவிடுவோம் என்று நம் தம்பிமார் மார்தட்டினர். நாமும் அவர்களோடு சேர்ந்து தட்டினோம்.

ஆனால் 2023 பிறந்தபோதே சகுனம் சரியில்லை. தைப்பொங்கல் நாளாகிய ஜனவரி 15ஆந் திகதி, திருவனந்தபுரத்தில் நம் அணி 73 ஓட்டங்களுக்குச் சுருண்டு, இந்தியாவிடம் 317 ஓட்டங்களால் தோற்றது. ஒருநாட் போட்டிகளின் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் அத்தனை ஓட்ட வித்தியாசத்தில் தோற்றதில்லை. உலகக் கிண்ணத்துக்குள் நேரே நுழையும் எட்டு அணிகளுள் நம் பெயர் இல்லை. 1996இல் கிண்ணத்தையே வென்ற நாடு, 2007இலும் 2011இலும் இறுதிப் போட்டிவரை போன நாடு, சிம்பாப்வேக்குச் சென்று தகுதிகாண் போட்டி ஆடவேண்டியதாயிற்று. அங்கே ஓராட்டத்திலும் தோற்காமல் வென்று வந்தது உண்மை. வனிந்து ஹசரங்க ஒருவரே அந்தத் தொடரில் 22 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த ஹசரங்க பின்னர் காயமுற்று உலகக் கிண்ணத்தில் ஆடவே இயலாமற் போனார் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறோம். காரணங் காணும்போது இந்தச் செய்தி வேண்டியிருக்கும்.

செப்டெம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. மொஹமட் சிராஜ் ஓர் ஓவரில் நால்வரை வெளியேற்றினார். மொத்தம் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். நம் அணி 15.2 ஓவர்களில் 50 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்தது. இந்தியா 6.1 ஓவர்களில் ஒரு விக்கெட்டும் இழக்காமல் வென்றது. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறி வேகுமுன் இறுதிப் போட்டி முடிந்ததென்று எம் லயத்தில் ஒரு சித்தி சொன்னார். அவருக்குக் கிரிக்கட் தெரியாது. கறி வேகும் நேரம் நன்றாகத் தெரியும்.

இனி உலகக் கிண்ணம். ஒன்பது ஆட்டங்கள் ஆடி இரண்டில் வென்று ஏழில் தோற்றோம். பத்து அணிகளில் ஒன்பதாம் இடம். எல்லா ஆட்டத்தையும் இங்கே விவரித்தால் இராத்திரிச் சாப்பாடு தவறிப்போகும். ஆயினும் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் நம்மவர் மோசமாக ஆடவில்லை. தென்னாபிரிக்கா 428 ஓட்டங்கள் குவித்தது, அது உலகக் கிண்ண வரலாற்றில் பெருந்தொகை. அதைத் துரத்தி 326 வரை போனார்கள். பாக்கிஸ்தானுக்கு எதிராகக் குசல் மெண்டிஸ் 77 பந்துகளில் 122 ஓட்டங்களும், சதீர சமரவிக்ரம 108 ஓட்டங்களும் எடுத்து 344 சேர்த்தனர். பாக்கிஸ்தான் அதையும் துரத்தி வென்றது. உலகக் கிண்ணத்தில் அதற்குமுன் எவரும் அவ்வளவு பெரிய இலக்கைத் துரத்தி வென்றதில்லை. அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 125 ஓட்டங்கள் சேர்த்துவிட்டு, 209க்குள் பத்துப்பேரும் வெளியேறினர். அணித்தலைவர் தசுன் சானக்க அதற்குமுன்பே காயத்தோடு வீடு திரும்பியிருந்தார். கையில் உள்ளதைக் காத்துக்கொள்ளத் தெரியாத வீடுபோல இருந்தது நம் அணி. சம்பாத்தியம் இல்லாமலில்லை, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நில்லாது.

ஒக்டோபர் 26இல் பெங்களூரில் ஒரு நல்ல நாள் வந்தது. நடப்புச் சாம்பியனாகிய இங்கிலாந்தை 156 ஓட்டங்களுக்குச் சுருட்டி, 8 விக்கெட்டுகளால் வென்றோம். அன்றைக்கு நம்மிற் பலர் கணக்குப் பலகை எடுத்துக்கொண்டு, இன்னும் இத்தனை வென்றால் அரையிறுதி என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டோம். நான்கு நாள் கழித்துப் பூனேயில் ஆப்கானிஸ்தான் அந்தப் பலகையை அழித்துவிட்டது.

நவம்பர் 2ஆந் திகதி வியாழக்கிழமை, மும்பாய் வான்கடே மைதானம். இந்தியா 357 ஓட்டங்கள். அந்தப் பெருந்தொகையிலும் டில்ஷான் மதுசங்க 5 விக்கெட்டுகளை எடுத்தார் என்பதை யாரும் மறக்கலாகாது. பிறகு நம் துடுப்பாட்டம். மலையிறங்கிக் கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்து, முகங் கழுவித் தேத்தண்ணீர்க் கோப்பையுடன் அமர்ந்த நேரம். முதற் பந்திலேயே ஒரு விக்கெட். 3 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். 14 ஓட்டங்களுக்கு 6. எல்லோரும் சேர்ந்து 55. அணியில் அதிக ஓட்டம் எடுத்தவர் பந்துவீச்சாளராகிய கசுன் ராஜித. அவர் எடுத்தது 14. தோல்வி 302 ஓட்டங்களால். லயத்தில் எந்தக் காம்பிராவிலிருந்தும் சத்தமில்லை. தொலைக்காட்சிப் பெட்டியை நிறுத்துவதற்குக்கூட ஒருவருக்கும் கை வரவில்லை.

அதன்பின் பங்களாதேஷுடன் தோல்வி. அந்த ஆட்டத்தில் அஞ்சலோ மத்தியூஸ் தலைக்கவசத்தின் வார் அறுந்து, வேறு கவசம் கேட்டு நின்ற வேளையில், இரண்டு நிமிடத்துக்குள் ஆட ஆயத்தமாகவில்லை என்று வெளியேற்றப்பட்டார். சர்வதேசக் கிரிக்கட்டில் அவ்வாறு ஆட்டமிழந்த முதல் மனிதர் அவரே. விதி விதிதான்; நடுவர் செய்தது தவறென்று நாம் சொல்லோம். ஆனால் விதியில் இடமிருக்கிறதென்று எல்லாவற்றையும் செய்துவிடலாமா என்பது வேறு கேள்வி. அதைப் பற்றி நம் சங்கத்துப் பட்டிமன்றத்தில் ஒரு நாள் வாதிடலாம். கடைசியாக நியூசீலாந்துடனும் தோற்று, முதல் எட்டு இடத்துக்குள் வராததால், 2025இல் நடந்த சாம்பியன்ஸ் கிண்ணத்தில் ஆடும் தகுதியையும் இழந்தோம்.

காரணம் என்ன? ஆட்டக்காரர் காயமுற்றது ஒரு காரணம். பிடிகளைத் தவறவிட்டது ஒரு காரணம். இவை கண்ணுக்குத் தெரிபவை. நாம் தேயிலைக்காரர், கண்ணுக்குத் தெரியாததையும் பார்க்கப் பழகியவர். கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்து, செடி செத்துப் போயிற்று என்று வெளியூரான் சொல்வான். நாம் சொல்லமாட்டோம். அது வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தைக்கொண்டு மறுபடி துளிர்க்கும் என்பதை அறிவோம். ஆனால் வேரில் சத்தில்லாத செடியை வெட்டினால் அது பட்டுப்போகும் என்பதையும் அறிவோம். 2014இல் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்ற கையோடு மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் இருபது ஓவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றனர். அடுத்த ஆண்டிற்குள் முழுதும் விலகிக்கொண்டனர். அந்த வெட்டுக்குப் பின் துளிர் சரியாக வரவில்லை. ஏனெனில் வேர் என்பது பாடசாலைக் கிரிக்கட்டும் கழகக் கிரிக்கட்டும் ஆகும். முதல்தரக் கழகங்களிற் பெரும்பாலானவை கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலுந்தான் இருக்கின்றன. தீவு முழுவதிலும் பிள்ளைகள் பந்தெறிகிறார்கள். வேரோ ஒரு மூலையில் ஓடுகிறது.

மதுசங்கவையே பாருங்கள். தெற்கே ஹம்பாந்தோட்டை மாவட்டத்துப் பிள்ளை. அந்த உலகக் கிண்ணத்தில் 21 விக்கெட்டுகள் எடுத்தார். அனைத்து நாட்டுப் பந்துவீச்சாளருள்ளும் ஷமி, சம்பா ஆகிய இருவரே அவரைவிட அதிகம் எடுத்தவர்கள். தலைநகருக்குத் தொலைவிலும் திறமை கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தோற்ற அணியில் இருந்தார் என்பதற்காக அவர் பெயரை நம் தம்பிமார் மறந்துவிட்டனர். இது நமக்கு மனவருத்தம்.

ஆட்டம் முடிந்தபின் நடந்தவையோ ஆட்டத்தைவிட மோசம். விளையாட்டுத்துறை அமைச்சராயிருந்த ரொஷான் ரணசிங்க நவம்பர் 6ஆந் திகதி கிரிக்கட் நிர்வாக சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவொன்றை நியமித்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 9ஆந் திகதி பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து, நிர்வாக சபை விலகவேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றின. நம் சம்பளப் பிரச்சினைக்கு ஒன்றுசேராதவர்கள் இதற்கு ஒன்றுசேர்ந்தார்கள், சிரிக்காதீர்கள், உண்மை. 10ஆந் திகதி, அதாவது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அரசாங்கத் தலையீடு என்று காரணங் காட்டிச் சர்வதேசக் கிரிக்கட் சபை இலங்கையின் அங்கத்துவத்தையே இடைநிறுத்தியது. அந்த இடைநிறுத்தம் 2024 ஜனவரி 28 வரை நீடித்தது. அதனால் பெரியவர் எவரும் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை. 2024 தொடக்கத்தில் இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. பெரியவர் சண்டையில் மைதானத்தை இழந்தவர்கள் பிள்ளைகளே.

சரி, நிர்வாகிகளைப் பற்றிச் சொன்னோம். அபிமானிகளாகிய நம்மைப் பற்றியும் சொல்லவேண்டுமல்லவா? தோற்றால் கோபம் வருவது இயற்கை. காசு கொடுத்துப் பார்க்கிறோம், நேரத்தைக் கொடுத்துப் பார்க்கிறோம், கேட்க உரிமையுண்டு. ஆனால் கோபம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கவேண்டும். 1996 மார்ச் 13ஆந் திகதி கல்கத்தா ஈடன் தோட்ட மைதானத்தில், நம் அணிக்கு எதிரான அரையிறுதியில், இந்தியா 8 விக்கெட்டுகளை இழந்து 120 ஓட்டங்களில் தடுமாறியபோது, அங்கிருந்தோர் போத்தல்களை எறிந்து இருக்கைகளுக்குத் தீ வைத்தனர். ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி நமக்களிக்கப்பட்டது. களத்தில் நின்ற வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். அப்பொழுது நாம் இங்கிருந்து, "சீ, இவர்களுக்குத் தோற்கத் தெரியவில்லையே" என்றோம். 2017 ஓகஸ்ட் 27ஆந் திகதி, இந்த மலைநாட்டிலேயே, கண்டிக்கு அருகே பல்லேகலையில், இந்தியா வெல்ல 8 ஓட்டங்களே இருந்த வேளையில் நம்மவர் போத்தல்களை எறிந்தனர். அரை மணி நேரம் ஆட்டம் நின்றது. அதன்பின் கல்கத்தாவைப் பற்றிப் பேசும் அருகதையை இழந்துவிட்டோம்.

இனித்தான் பெரியோர்களிடம் வருகிறோம்.

அந்த 55 ஓட்டங்களுக்கு மறுநாள், நம் தம்பி ஒருவன் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான். கடையில் நின்ற ஒருவர், "ஒங்களுக்கு என்னப்பா கவலை? யாரு ஜெயிச்சாலும் லாபந்தானே!" என்று சிரித்தாராம். கேலிக்குத்தான் சொன்னார், தீய மனத்தோடு சொன்னாரென்று நாம் நினைக்கவில்லை. தம்பியும் சிரித்துவிட்டு வந்துவிட்டான். ஆனால் இரண்டு நாள் அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. முந்திய இரவு சோறு உண்ணாமற் படுத்தவன் அவன். தோல்வியின் துக்கத்தைக்கூட நீ சொந்தங் கொண்டாட முடியாது என்று சொன்னால் எப்படியிருக்கும்?

2023ஆம் ஆண்டு மலையகத் தமிழருக்குச் சாதாரண ஆண்டன்று. நம் முன்னோர் 1823இல் இம்மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு. அதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் போனார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. அந்தப் பயணம் முடிந்த மூன்றாம் மாதத்தில்தான் இந்தச் சிரிப்பு. இருநூறு ஆண்டு நடந்து வந்தும் கடை வாசலில் இன்னும் ஓரடி பாக்கியிருக்கிறது.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியதைத் தாத்தாமார் நாம் சொல்லியா அறியவேண்டும்? 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். ஒரே காம்பிராவில் பிறந்தவர்களில் அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். எஞ்சியோருக்கும் சட்டப்படி வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் சட்டத்தால். தலைமன்னாரில் தங்கையைக் கப்பலேற்றிவிட்டு வந்த ஒரு தாத்தா, இந்தியா ஆடும்போது இந்தியா வெல்லவேண்டுமென்று நினைத்தால், அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை. கோலியின் ஆட்டத்தை ரசித்து அவர் படத்தைக் காம்பிராச் சுவரில் ஒட்டியிருக்கும் தம்பியையும் நாம் குறைகூறோம். நல்ல ஆட்டம் எவருடையதாயினும் நல்ல ஆட்டமே.

இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டில் நோமன் டெபிட் என்ற அரசியல்வாதி ஒரு சோதனை சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிரிக்கட் ஆட்டத்தில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் அவர்களுடைய விசுவாசம் தெரிந்துவிடுமாம். அதைக் 'கிரிக்கட் சோதனை' என்றே அழைத்தார்கள். இந்தச் சோதனையை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. உரிமை என்பது கைதட்டிக் காட்டிப் பெறும் கூலியன்று. மழையிலும் அட்டைக்கடியிலும் இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக்கொடுத்தவர்கள், மைதானத்திலும் ஒரு சோதனை எழுதிச் சித்தியடைய வேண்டுமோ? ஆனால் தம்பிமாரே, ஒருவன் சோதனைக்காக அல்லாமல், தானாகவே, தன் மனம் கேளாமல், ஓர் அணியின் தோல்விக்குச் சோறு உண்ணாமற் படுக்கிறான் என்றால், அந்த அணி அவனுடையதுதான். அதை எந்தக் கடைக்காரரும் பறிக்க இயலாது. வெற்றி விழாவுக்கு யாரும் வரலாம். இழவு வீட்டில் யார் உள்ளே வந்து அமர்கிறார், யார் வாசலோடு திரும்புகிறார் என்பதில் உறவுமுறை தெரிந்துவிடுமென்று நம் பாட்டிமார் சொல்வதில்லையா?

நம்முடைய பங்கு இந்த அணியில் தோல்வியில் மட்டும் இல்லை. முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். தந்தையார் கண்டியில் விசுக்கோத்துத் தொழிற்சாலை நடத்தியவர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த அந்தப் பிள்ளை, 2010 ஜூலை 22ஆந் திகதி காலியில், தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். உலகில் வேறெவரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. 1995இல் மெல்பேர்ண் மைதானத்தில் அவருடைய பந்துவீச்சு முறைகேடானதென்று நடுவர் மீண்டும் மீண்டும் கூறியபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை. நாடும் கைவிடவில்லை. அக்காலத்தில் வடக்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் '800' என்ற திரைப்படம் 2023 ஒக்டோபர் 6ஆந் திகதி வெளிவந்தது. மறுநாள்தான் நம் அணி டெல்லியில் தென்னாபிரிக்காவிடம் முதல் அடி வாங்கியது.

தோற்கும் அணியோடு நிற்பது எப்படியென்று அறிய ஒரு தூர தேசத்துச் செய்தி சொல்கிறோம். அயர்லாந்தில் கேலிக் கால்பந்து என்று ஓர் ஆட்டமுண்டு. பந்தைக் கையாலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம்; அணிக்குப் பதினைந்து பேர். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமில்லை. வாரத்தில் ஆசிரியராகவும் விவசாயியாகவும் வேலை செய்துவிட்டுத் தம் மாவட்டத்துக்காக ஆடுவார்கள். மேற்கேயுள்ள மேயோ என்ற மாவட்டம் 1951இல் அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்றது. அதற்குப் பின் 2021வரை பதினொரு தடவை இறுதிப் போட்டிக்கு வந்து பதினொரு தடவையும் தோற்றது! மேயோ எப்படிப்பட்ட பூமி? 1840களின் பெரும் பஞ்சத்தில் செத்தவர் போக மிஞ்சியவர் கப்பலேறிப் பிழைக்கப்போன பூமி. தாது வருஷத்துப் பஞ்சத்தில் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது விளங்காத கதையன்று. அந்த மேயோ மக்கள் ஒவ்வோர் ஆண்டும் பச்சையும் சிவப்புமான சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி புறப்படுகிறார்கள். 2021 தோல்விக்குப் பிறகும் புறப்பட்டார்கள். வெளியார் பைத்தியம் என்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். நம் லயத்திலேயே அத்தகையோர் பலர்.

நம்முடைய நிலைமை மேயோவைப்போல மோசமில்லை. 2024 ஓகஸ்டில் அதே இந்தியா இங்கு வந்து ஒருநாள் தொடரை இழந்து போயிற்று. 1997க்குப் பின் நாம் இந்தியாவிடம் வென்ற முதல் ஒருநாள் தொடர் அது. ஜெஃப்ரி வண்டர்சே 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை எடுத்த அன்று, முன்பு கேலி பேசிய கடைக்காரர் தம்பிக்கு ஒரு தேத்தண்ணீர் கொடுத்தாராம். அடுத்த மாதம் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் ஒரு டெஸ்ட் வெற்றி; பெத்தும் நிசங்க ஆட்டமிழக்காமல் 127. சாம்பியன்ஸ் கிண்ணத்துக்கு அழைப்பில்லாத நம் அணி, அந்தக் கிண்ணத்துக்கு ஒரு வாரம் முன்பு, 2025 பெப்ரவரியில், கொழும்பில் அவுஸ்திரேலியாவை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்தது. இரண்டாவதில் 174 ஓட்டங்களால். கல்யாண வீட்டுக்கு அழைக்காத உறவுக்காரன் தெருவில் நின்று சீர் செய்தது போலாயிற்று. இடையில் 2024 இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் முதற் சுற்றோடு திரும்பி வந்ததையும் மறைப்பதற்கில்லை.

தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலை 28ஆந் திகதி தம்புள்ளையில் சமரி அத்தபத்து தலைமையில் நம் பெண்கள் அணி இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. ஆண்கள் 55 எடுத்ததை மூன்று மாதம் பேசிய தம்பிமாரில் எத்தனைபேர் இதைப் பார்த்தீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். ...நாம் எண்ணியதைவிடக் குறைவு.

இனி நம் தோட்டத்துக் காரியம். திம்புள்ளையில் ரதல்ல மைதானமும், டிக்கோயாவில் டரவல மைதானமும் துரைமார் தமக்காகப் போட்டவை. சமதரை கிடைக்காத இந்த மலையில், கிடைத்த சமதரையெல்லாம் ஒன்று ஸ்டோர், அல்லது துரை பங்களாவின் புற்றரை. நம் பிள்ளைகள் ஆடுவது பிரட்டுக்களத்தில். தேயிலைக்குள் பந்து போனால் நாலு. ஓடையில் விழுந்தால் ஆட்டமிழப்பு. கோயில் கூரையில் பட்டால் அன்றைய ஆட்டமே முடிந்தது. இந்த விதிகளில் வளர்ந்த பிள்ளை மென்பந்தை நன்றாக அடிப்பான். கடினப் பந்தை அவன் கண்டதில்லை. ஹற்றன் டன்பார் மைதானத்துக்குப் போய்வர பஸ் காசு வேண்டும்; ஒரு நாட்சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்று பெற்றோரைக் கேட்டால் தெரியும். 21 விக்கெட் எடுத்த மதுசங்கவைப் போன்ற ஒரு பிள்ளை நம் மேட்டு லயத்திலும் இருக்கலாம். இருக்கிறான் என்று அறிய வழியேதுமில்லை.

ஆகவே சங்கத்தின் சார்பில் இரண்டு காரியங்கள் கேட்கிறோம். பழைய ஸ்டோருக்குக் கீழே விறகு அடுக்கும் சமதரையை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு விட்டுத்தரும்படி தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். தாத்தாமார் முதலில் கையொப்பமிட்டால் அதற்கு மதிப்பு அதிகம்; மனு கதவண்டை மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. இரண்டாவது, விழாச் செலவு போக மிஞ்சும் பணத்தில் கடினப் பந்து ஆடுவதற்கு வேண்டிய கால்காப்பும் கையுறையும் தலைக்கவசமும் ஒரு சோடி வாங்கப் பொருளாளர் சம்மதித்திருக்கிறார். தலைக்கவசத்தின் வாரை மட்டும் நன்றாக இழுத்துப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறோம். விறகு எடுத்து வைக்க வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தம்பிமார் வரவேண்டும். தங்கைமாரும் வரலாம், விறகு தூக்குவதற்கு மட்டுமல்ல, ஆடுவதற்கும்.